20லிருந்து 36: பத்து வயதுப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. மாத்திரை அளவு ஏன் ஏறுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தேவகோட்டையில் இருக்கிறீர்கள். மகனுக்கு 10 வயது, எடை 28 கிலோ. ஐந்து மாதமாக மதுரையில் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் ஏ.டி.எச்.டி.க்கு, அதாவது கவனம் நிலைக்காமல் அளவுமீறித் துறுதுறுவென்று இருக்கும் கோளாறுக்குப் பார்க்கிறீர்கள். மெத்தில்ஃபெனிடேட் 5 மில்லிகிராமில் தொடங்கி, காலை 10, மதியம் 10 என்று வந்திருக்கிறது. போன தடவை அதை நிறுத்திவிட்டு, காலையில் மட்டும் போடும் 36 மில்லிகிராம் மாத்திரையை எழுதியிருக்கிறார். பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் இதே பிரச்சினை. 35 வயதான அவருக்கே 18தான். "பெரியவனுக்கு 18, சின்னவனுக்கு 36ஆ? ஐந்து நிமிஷம் பேசுகிறார், ஏத்தி எழுதுகிறார், ஃபீஸ் வாங்கிக்கொண்டு அனுப்புகிறார். நானே பாதியாகக் குறைத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மில்லிகிராம் கணக்குக்குக் கீழே இன்னொரு கேள்வியும் இருப்பதாகத் தெரிகிறது. இந்த மனிதர் எதைப் பார்த்து ஏற்றுகிறார், அவரை நம்பலாமா என்பதுதான் அது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். நான் காரைக்குடியில் 20 ஆண்டுகளுக்கு மேலாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பிள்ளைகள் அதிகம். ஆனால் உங்கள் மகனை நான் பார்க்கவில்லை. அவன் நாடி என்ன, பி.பி. என்ன, வகுப்பில் எப்படி இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாது. அதனால் 36 அவனுக்குச் சரியா தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த எண் எப்படி வந்தது, சரியானதுதானா என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது, இவை இரண்டையும் சொல்ல முடியும்.

முதலில் 36. 20லிருந்து 36 என்றதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆக்கிவிட்டார் என்று பயந்திருப்பீர்கள். கணக்கு அப்படி இல்லை. 18, 36, 54 என்ற எண்களில் வரும் நீண்ட நேர மாத்திரை ஒரு தனி வகை. வெளிப்பூச்சில் கொஞ்சம் மருந்து இருக்கும், அது உடனே கரையும். மீதி உள்ளே ஒரு கெட்டி ஓட்டுக்குள் இருந்து சின்னத் துளை வழியாக மெல்ல மெல்லக் கசியும். 36 மாத்திரையில் வெளிப்பூச்சில் இருப்பது 8 மில்லிகிராம்தான். மீதி 28ம் பகல் முழுக்கப் பரவி, சுமார் 12 மணி நேரம் வரை வேலை செய்யும். சாதாரண மாத்திரை 3, 4 மணி நேரத்தில் இறங்கிவிடும். 10 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை எடுத்த பிள்ளையை இந்த வகைக்கு மாற்றும்போது 36க்கு மாற்றலாம் என்பது தயாரிப்பாளரின் மருந்துக் குறிப்பிலேயே இருக்கும் கணக்கு. 10ஐ மூன்று தடவை கொடுத்தால் நாளுக்கு 30. உங்கள் மகனுக்கு நடந்திருப்பது, மதியத்துக்குப் பிறகு இன்னொரு 10 சேர்ந்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம்தான், ஆனால் இரட்டிப்பு இல்லை. 6 முதல் 12 வயதுவரை இந்த வகைக்கு உச்ச அளவு 54. இதை அவர் இரண்டு வரியில் சொல்லியிருந்தால் உங்களுக்கு இந்தப் பயமே வந்திருக்காது. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று ஓடும் இடங்களில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு வரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலை, மதியம் 10 கொடுத்தபோதே அவனுக்குப் பசி சுத்தமாகப் போயிருந்தால், இரவு தூக்கம் தள்ளிப்போயிருந்தால், முதலில் 18 கொடுத்துப் பார்த்து அப்புறம் 36க்குப் போகும் மருத்துவர்களும் உண்டு. நானும் 28 கிலோ பிள்ளைக்குப் பல நேரம் அப்படித்தான் செய்வேன். இரண்டு வழியும் ஏற்கத்தக்கவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது முன் அளவில் பிள்ளை எப்படி இருந்தான் என்பதைப் பொறுத்தது.

சந்தையில் நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகள் பல வகை. சில 8 மணி நேரம், சில அதற்கு மேல். பெட்டியில் ஒரே மருந்தின் பெயர் இருக்கும், உள்ளே மருந்து கசியும் விதம் வேறாக இருக்கும். கடையில் "அது ஸ்டாக் இல்ல, இதுவும் அதேதான்" என்று வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், வாங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு பிராண்டில் 20 என்பதும் இன்னொன்றில் 18 என்பதும் அக்கம்பக்கத்து எண்கள் போலத் தெரிந்தாலும் பகலில் செய்யும் வேலை வேறு. அப்புறம், உங்கள் மகனின் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. நம் வீடுகளில் பிள்ளைக்கு உரமருந்தை உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவிய கை, மாத்திரையையும் நுணுக்கத்தான் பார்க்கும். இந்த மாத்திரையைப் பொடித்தால் பகல் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும். "பாதியாகக் குறைக்கலாமா" என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே ஒரு பதில் இருக்கிறது. இந்த வகையைப் பாதியாக்கவே முடியாது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குச் சீரக மிட்டாயை வைத்து ஒரு வாரம் பழக்கலாம். உட்கார்ந்தபடி, தண்ணீரோடு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. சில நாள் மலத்தில் மாத்திரை அப்படியே வந்துவிட்டது என்று பதறிப் போய் போன் செய்வார்கள். வந்தது வெறும் ஓடு. மருந்து உள்ளே போய்விட்டது.

சரி, தம்பிக்கு 18, மகனுக்கு 36. காய்ச்சல் மருந்தில் எடைக்குத் தக்கபடி அளவு என்று நமக்குப் பழக்கம். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் அட்டோமாக்ஸெடினில் அது ஓரளவு உண்மை. பிள்ளைகளுக்கு எடை கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு சுமார் 1.2 வரை கொண்டுபோவார்கள். மெத்தில்ஃபெனிடேட்டில் எடை ஒரு எல்லைக்கோடு மட்டும்தான், விடை கிடையாது. ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு 10 போதும், இன்னொருவனுக்கு 30 தேவைப்படும். ஏன் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றைக்கு இல்லை. ஜீன் பரிசோதனை செய்தால் சரியான அளவு தெரிந்துவிடும் என்று விளம்பரம் வருகிறது. இந்த மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் அளவுக்கு அதற்கு ஆதாரம் இல்லை, அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். உங்கள் தம்பிக்கு 18 போதுமானதாக இருப்பது அவர் உடம்பின் கணக்கு. அது உங்கள் மகனுக்கு எதையும் சொல்லாது.

அப்படியானால் அளவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? சிறியதில் தொடங்கி, வாரம் ஒரு படி ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பார்த்து, நன்மை நின்று தொந்தரவு தொடங்கும் இடம் வந்தால் ஒரு படி இறங்கி நிற்பதுதான் வழி. ஆகவே "ஏத்திக்கிட்டே போறாங்க" என்பது மட்டும் குற்றம் ஆகாது, முறையே அதுதான். இதற்கு உறுதியான ஆதாரம் 1999ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு. எம்.டி.ஏ. என்பார்கள். 7 முதல் 9 வயதுள்ள 579 பிள்ளைகள், 14 மாதம். அதில் இருந்த குழுக்களில் இரண்டை மட்டும் பாருங்கள்: ஆய்வுக் குழுவே மருந்தைக் கவனித்த பிள்ளைகள் ஒரு பக்கம், ஊரில் வழக்கமான மருத்துவரிடம் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாம் பக்கத்திலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் இதே போன்ற மருந்துதான் எடுத்தார்கள். ஆனால் ஆய்வுக் குழுவின் பிள்ளைகள் தெளிவாக நன்றாக இருந்தார்கள். அவர்களுக்கு முதல் 28 நாள், நாளுக்கொரு அளவாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எந்த நாளில் எது என்பது பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ தெரியாது. இருவரும் தினமும் மதிப்பெண் போட்டார்கள். அதை வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவு முடிவானது. பிறகு மாதம் ஒரு முறை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அளவும் ஊர் மருத்துவர் கொடுத்ததைவிட அதிகமாக, ஒரு நாளைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று வேளையாக இருந்தது.

இதைப் படித்த நாளிலிருந்து என் மனதில் நிற்பது ஒன்றுதான். மருந்து ஒன்றே, கவனிப்பு வேறு. மருத்துவரிடம் இருக்கும் ஐந்து நிமிஷத்தில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதைப் பார்க்க முடியாது. புது இடம், புது முகம் என்றால் ஏ.டி.எச்.டி. பிள்ளை அரை மணி நேரம் கைகட்டி உட்கார்ந்துவிடுவான். தகவல் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கிறது. மருந்துச்சீட்டு 90 கிலோமீட்டர் தள்ளி எழுதப்படுகிறது. இரண்டையும் சேர்க்க ஒரு நோட்டு வேண்டும்.

பள்ளத்தூர்ப் பக்கத்து அப்பத்தா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பையனின் அப்பாவும் அம்மாவும் வெளிநாட்டில். பெரிய வீட்டில் அவரும் பேரனும் ஒரு வேலையாளும்தான். முதல் தடவை வந்தபோது, "தினமும் கவனித்து எழுதி வாருங்கள் ஆச்சி" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினேன். பத்து நாள் கழித்து, வீட்டில் மிச்சமிருந்த பழைய நீளக் கணக்குப் புத்தகம் ஒன்றோடு வந்தார். பக்கத்தின் நடுவே கோடு. ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் பற்று. வரவில்: "8.10 மாத்திரை. வேன் ஏறும்போது சண்டை இல்லை. கணக்கு நோட்டில் முழுப் பக்கம் எழுதியிருக்கிறான்." பற்றில்: "டிபன் பாக்ஸ் திறக்காமலே வந்தது. 4.20 பையை எறிந்தான், அழுகை. 6 மணிக்குப் பணியாரம் தின்றான், சரியானான். தூங்க 10.40."

எந்தக் கேள்வித்தாளும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொன்னதில்லை. 5 மில்லிகிராம் வாரத்தில் வரவுப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. 10ல் வரவு நிறைந்தது. பள்ளியில் இன்னும் கொஞ்சம் நன்றாக இருக்கட்டும் என்று 15 ஆக்கினோம். அந்த வாரம் வரவு அப்படியேதான் இருந்தது, பற்றில் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து ஒரே சொல்: "பேச்சில்லை." வழக்கமாக வாசற்படி ஏறும்போதே கத்திக்கொண்டு வருபவன், திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டான் என்றார் அப்பத்தா. மறுநாளே 10க்கு இறங்கினோம். 4.20 அழுகைக்கும் விடை அதே நோட்டில் இருந்தது. சனி, ஞாயிறுகளில் 3.30க்கே ஏதாவது தின்ற நாட்களில் அழுகை இல்லை. மதிய மாத்திரையை 12.15லிருந்து 1 மணிக்குத் தள்ளினோம், இடைப்பலகாரத்தைப் பள்ளி வேனிலேயே கொடுத்துவிட ஏற்பாடு. மாத்திரை ஒரு மில்லிகிராம்கூட ஏறவில்லை.

இந்த அழுகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அளவு தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளிவிட்டு வந்ததும் பிள்ளை வெடிக்கிறான் என்றால் காரணம் நான்கு விதமாக இருக்கலாம். அளவு போதாமல் நாள் முழுவதும் இழுபட்டிருக்கலாம். அளவு சரியாக இருந்து, மருந்து இறங்கும் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் எரிச்சல் வரலாம். மதியம் சாப்பிடாததால் பசியாக இருக்கலாம். அளவு கூடுதலாகி, பகலெல்லாம் இறுக்கமாக இருந்தவன் வீட்டுக்கு வந்து உடைந்திருக்கலாம். "சாயந்தரம் ரொம்ப மோசம் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் நான்கும் ஒன்று போலக் கேட்கும். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு அடங்குகிறது, சாப்பிட்டதும் மாறுகிறதா, காலை 10 மணிக்கு வகுப்பில் எப்படி இருந்தான் என்று சொன்னால் நான்கும் பிரிந்துவிடும். உங்கள் மகனுக்கு 36க்கு மாற்றியதன் நோக்கம் மதியத்துக்குப் பின் மருந்து இறங்கிவிடுவதைச் சமாளிப்பதாக இருக்கலாம். அப்படியானால் இந்த மாற்றம் அந்த நேரத்தைச் சரிசெய்ததா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

நான் தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு பையனுக்கு இதில் தவறு செய்தேன். சாயங்கால ஆட்டத்தைக் கேட்டு, மருந்து போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இரண்டு தடவை ஏற்றினேன். ஆசிரியை மிகவும் சந்தோஷப்பட்டார், தங்கமான பிள்ளையாகிவிட்டான் என்று. ஒரு மாதம் கழித்து அம்மா வந்து உட்கார்ந்து, "சார், என் பிள்ளை சிரிக்கிறதையே நிறுத்திட்டான்" என்றார். அன்று குறைத்தேன், ஒரு வாரத்தில் பழைய பிள்ளை திரும்பினான். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டாரிடமும் கேட்கும் முதல் கேள்வி, சிரிக்கிறானா என்பது. வகுப்பில் அமைதியாக இருப்பது மட்டும் இந்த மருந்தின் வெற்றி ஆகாது. தொடங்கியதை முடிக்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா, நண்பர்களோடு விளையாட்டில் தன் முறைக்குக் காத்திருக்கிறானா, அவனாக இருக்கிறானா என்று பாருங்கள்.

சாப்பாடு. இந்த மருந்தில் மதியப் பசி குறைவது மிகச் சாதாரணம். மருந்து ஏறுவதற்கு முன்னால் காலையில் வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். இட்லி, இடியாப்பம், முட்டை, நெய் ஊற்றிய எதுவானாலும் சரி. மாத்திரை அதற்குப் பிறகு. மதியம் பாக்ஸ் பாதியாக வந்தால் திட்ட வேண்டாம். இரவு 8, 9 மணிக்குப் பசி திரும்பும். அப்போது "இந்த நேரத்தில் என்ன சாப்பாடு" என்று சொல்லாமல் இரண்டாவது முறை பரிமாறுங்கள். பாலில் கவுனி அரிசி, ஒரு வாழைப்பழம், வேர்க்கடலை, எதுவும் நல்லதுதான். 36ஐக் காலை 8 மணிக்கு முன் கொடுத்துவிடுங்கள். 10 மணிக்குக் கொடுத்தால் இரவு 10 வரை வேலை செய்யும், தூக்கம் போகும்.

எடையும் உயரமும் மூன்று, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் எடுத்துத் தேதியோடு எழுத வேண்டும். அளவு மாறும் ஒவ்வொரு தடவையும் நாடியும் பி.பி.யும் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென இறந்திருந்தால், பிள்ளைக்குப் பிறவி இதயக் கோளாறு இருந்தால், ஓடும்போது மயங்கி விழுந்திருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஈ.சி.ஜி. எடுக்க வேண்டியிருக்கும்.

மாதா மாதம் வரச் சொல்வது ஃபீஸுக்காகவா என்று சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். காளையார்கோவில், சிவகங்கை வழியாகப் பஸ்ஸில் போய் வர ஒரு நாள் கூலி போகிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இதில் சட்டம் ஒன்று இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் வருகிறது, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. சீட்டு இரண்டு படியாக எழுதப்பட வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும், அதற்குத் தனி உரிமம் வேண்டும். அதனால்தான் எல்லா மெடிக்கலிலும் கிடைப்பதில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி இந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளை வீடியோவில் பார்த்து எழுதிக் கொடுக்கக் கூடாது. சென்னையில் ஒரு டாக்டரை ஆன்லைனில் பார்த்து இந்த மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவு இன்னும் முடிவாகாத முதல் மாதங்களில் அடிக்கடி பார்ப்பது மருத்துவ முறையிலும் சரியே. அளவு நிலைத்த பிறகும் அதே வேகத்தில் அலைய வைத்தால் அப்போது கேட்கலாம்.

தனியார் மருத்துவத்தில் காசு கணக்கு இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கிளினிக்குக்குள்ளேயே மருந்துக்கடை இருக்கும் இடங்கள் உண்டு. எது என்னைக் கவலைப்படுத்தும் என்றால், பசி, தூக்கம் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுவது. ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட எடை பார்க்காதது. பள்ளியிலிருந்து ஒரு குறிப்பும் கேட்காதது. ஒரே நாளில் இரண்டு, மூன்று புது மருந்துகளைச் சேர்ப்பது. மாத்திரையின் பெயரைச் சொல்ல மறுப்பது. இவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்து இருந்தால் இன்னொரு கருத்துக் கேளுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கொடுக்காமல் பார்க்கலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் மருத்துவப் பதிவுகளைப் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சண்டை போட வேண்டாம். "இன்னொரு இடத்தில் காட்ட வேண்டியிருக்கிறது, சுருக்கமாக எழுதிக் கொடுங்கள்" என்றால் போதும்.

நீங்களே குறைக்கலாமா என்பதற்கு வருகிறேன். மெத்தில்ஃபெனிடேட்டை ஒரு நாள் கொடுக்காமல் விட்டால் ஆபத்து ஏதும் வராது, அன்றைக்குப் பழைய சேட்டை திரும்பும், அவ்வளவுதான். நெஞ்சுவலி, மயக்கம், இல்லாதது தெரிவதாகவோ கேட்பதாகவோ சொல்வது, ஆண்குறியில் நீண்ட நேரம் வலியோடு விறைப்பு, இவற்றில் எது வந்தாலும் மறுநாள் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், யார் அனுமதியும் வேண்டாம். மற்றபடி மருத்துவருக்குச் சொல்லாமல் ஏற்றி இறக்கினால், அடுத்த தடவை அவர், பிள்ளை உண்மையில் எடுக்காத ஒரு அளவை நம்பி மருந்து எழுதுவார். குறைக்கத் தோன்றினால் போன் செய்து, குறைக்கத் தோன்றுகிறது, காரணம் இது என்று சொல்லுங்கள். இதையே எல்லா மருந்துக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கத்துக்கும் துள்ளலுக்கும் குளோனிடின் சேர்த்திருந்தால் அதைச் சட்டென நிறுத்தக் கூடாது, பி.பி. எகிறும். அட்டோமாக்ஸெடின் முழு வேலையைக் காட்ட நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒரு வாரத்தில் "கேட்கலை" என்று நிறுத்தினால் அது கேட்குமா என்பதே தெரியாமல் போய்விடும்.

நிச்சயமாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். குறுகிய காலத்தில் இந்த மருந்து பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேலை செய்கிறது, பத்தில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளலாம், அது நிச்சயம். சொன்னபடி எடுத்த பிள்ளைகள் பின்னாளில் போதைக்குப் போவது கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பல ஆண்டு தொடர்ந்து எடுத்தால் உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறையலாம். நீண்ட காலப் பலன்தான் சந்தேகத்துக்குரிய இடம். நான் மேலே சொன்ன அதே எம்.டி.ஏ. ஆய்வுப் பிள்ளைகளை மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நெருக்கமான கவனிப்பு நின்றுபோனதாலா, மருந்தை விட்டவர்களாலா, மருந்தின் பலனே தேய்ந்ததாலா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. விடுமுறையில் நிறுத்தி வைப்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. எடை ஏறாத பிள்ளைக்கு மே மாதம் முழுவதும் நிறுத்தச் சொல்வேன். ரோட்டில் பார்க்காமல் ஓடும் பிள்ளைக்கு நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆண்டுக்கு ஒரு தடவையாவது, பரீட்சை இல்லாத காலத்தில், மருத்துவரோடு பேசிவிட்டு இரண்டு வாரம் இல்லாமல் பார்த்து, இன்னும் தேவையா என்று சோதிப்பது நல்லது.

இன்னும் ஏற்றலாமா என்ற பேச்சு வந்தால், அதற்கு முன் வேறு நான்கைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். மாத்திரை உண்மையில் உள்ளே போகிறதா (நாக்குக்கு அடியில் வைத்திருந்து துளசி மாடத்தில் துப்பிய பிள்ளை எனக்குத் தெரியும்), இரவு ஒன்பது மணி நேரம் தூங்குகிறானா, வாசிப்பதிலேயே தனிக் குறைபாடு இருக்கிறதா, வகுப்பில் யாருக்காவது பயப்படுகிறானா. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எத்தனை மில்லிகிராம் கொடுத்தாலும் வாசிக்க வராது. மாத்திரை அவனை உட்கார வைக்கும். சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும்.

அடுத்த தடவை போவதற்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போடுங்கள். 36 தொடங்கிய நாளிலிருந்து மாத்திரை நேரம், சாப்பாடு, தூங்கிய நேரம், வெடித்த நேரம், சிரித்த நேரம் எழுதுங்கள். வகுப்பாசிரியரிடம் வாரத்துக்கு இரண்டு வரி கேட்டு வாங்குங்கள், அளவு மாறியதை அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். எடையை அங்கே போனதும் நீங்களே எடுக்கச் சொல்லுங்கள். பரீட்சை வாரமாக இருந்தால் எந்த மாற்றத்தையும் ஒரு வாரம் தள்ளிப்போடக் கேளுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, "20லிருந்து 36க்கு எந்த நேரத்தைச் சரிசெய்ய மாற்றினீர்கள் சார்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார், மாத்திரை அட்டையில் என்ன பெயர் இருக்கிறது, மகன் காலையில் எத்தனை மணிக்குப் போடுகிறான், இந்த மூன்றையும் எழுதினால் மேற்கொண்டு சொல்ல எனக்கு வசதியாக இருக்கும்.